ஈரல் மூட்டிய புகை

ஐயாக்கண்ணு என் தம்பி மகன். என் மகள் புவனாவைக் கட்டிக்கொண்டவன். அவனைப் பற்றி நல்லதும் சொல்வேன், எனக்கு அவன் செய்ததையும் சொல்வேன். ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைக்க எனக்கு வராது.

அவனைப் பெற்றவள் போனபோது அவனுக்கு ஒன்பது வயது. அடிவாரத்தில் தம்பி வீட்டில் சமைத்துப் போட ஆள் இல்லை. நான்தான் அவனை பஸ் ஏற்றி மலைமேல் வெள்ளக்கடைக்குக் கூட்டிவந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் வாந்தி எடுத்தான். ஒரே ஒரு வளைவில் வாந்தி வரவில்லை. அதற்குக் கைதட்டிக்கொண்டான். அன்றைக்கே அவன் குணம் எனக்குப் புரிந்துவிட்டது. பத்தொன்பது கெட்டதை மறந்துவிட்டு ஒரு நல்லதைப் பிடித்துக்கொண்டு சிரிப்பவன்.

எட்டாவதோடு படிப்பை விட்டான். என்னோடு காபிப் பழம் பறிக்க வந்தான். சிவப்பைப் பறிக்கச் சொன்னால் பச்சையும் சேர்த்து உருவிப் போடுவான். எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் தினமும் திட்டுவார். மிளகு பறிக்க ஏணியில் ஏற்றினார்கள், விழுந்து கையை ஒடித்துக்கொண்டான். அந்தக் கை கூடுவதற்குள் எஸ்டேட் பங்களாவுக்கு வெள்ளையடிக்கக் கீழிருந்து ஆட்கள் வந்தார்கள். வேடிக்கை பார்க்கப் போனவன் இடது கையால் பிரஷ் பிடித்து ஒரு ஜன்னலை முடித்துக் கொடுத்தான். அதன்பிறகு அவன் பறிக்க வரவில்லை.

பெயிண்ட் அடிப்பதைவிட, பழைய பெயிண்டை எடுப்பதில்தான் அவனுக்குக் கை. கதவில் நகத்தளவு சுரண்டிப் பார்ப்பான். "மேல வெள்ளை, அதுக்கடீல நீலம், அப்பறம் பச்சை ரெண்டு கோட்டு, அதுக்கடீல ஈட்டி மரம்" என்பான். சொன்னது சொன்னபடி இருக்கும். ஆனால் யார் எதைச் சொன்னாலும் இவனுக்கு முடியாது என்று சொல்ல வராது. கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளையைக் காணோம் என்று தேடினால், பக்கத்து வீட்டில் யாரோ கேட்டார்கள் என்று கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் பொருத்திக்கொண்டு இருக்கிறான், பட்டு வேட்டியோடு.

எஸ்டேட் முதலாளி அந்தப் பழைய பங்களாவை ரிசார்ட்டாக்கத் தொடங்கினார். மர வேலைக்கெல்லாம் காளியண்ணன்தான் மேஸ்திரி. காளியண்ணன் எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகளில் பிறந்தவன். அவன் அம்மா வேலைக்குப் போன நாளெல்லாம் என் வீட்டுக் களியைத் தின்று வளர்ந்தவன். என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவான்.

"பெரியம்மா, ரிசார்ட்டு முடிஞ்சா ஐயாக்கண்ணுக்கு அங்கயே நிரந்தர வேலைங்க. இந்த ஊடும் உங்களுக்கே நிலைச்சிருமுங்க" என்றான். லைன் வீடு எஸ்டேட்டில் நிரந்தர வேலை பார்ப்பவர்களுக்குத்தான். எனக்கு வயதாகி வேலை முடிந்துவிட்டது. புவனா சீசனுக்கு மட்டும் பறிக்கப் போகிறாள். ஐயாக்கண்ணுக்கு இந்த வேலை நிலைக்காவிட்டால் வீட்டைக் காலி செய்யத்தான் வேண்டும். அதனால் காளியண்ணன் சொன்னது எனக்குத் தேனாக இருந்தது. இரண்டு டம்ளர் காபி கொடுத்து அனுப்பினேன்.

பங்களாவில் பதினான்கு கதவு. பெயிண்டைச் சுரண்டி எடுத்தால் நாளாகும் என்று காளியண்ணன் ஒரு மருந்து கொண்டுவந்தான். ரிமூவர் என்பார்கள். தண்ணீர் கேனில்தான் இருக்கும். தடவிக் கொஞ்ச நேரம் விட்டால் பெயிண்ட் தோசை மாதிரி எழும்பி வந்துவிடுமாம். முன்னறைகளில் முதலாளியின் ஆட்கள் தங்கியிருந்தார்கள், வாடை அவர்களுக்குப் போகக்கூடாது. பனி மஞ்சு உள்ளே வந்தால் மரம் ஈரமாகும். இரண்டையும் சொல்லிப் பின்னறையின் ஜன்னல், கதவு எல்லாவற்றையும் சாத்திவிட்டு உள்ளே இவனை வேலை செய்ய வைத்தான்.

"வாடை குமட்டாதா கண்ணு?" என்று கேட்டேன்.

"இல்லீங்கத்தை. இனிப்பா ஒரு வாசம். கொஞ்ச நேரத்துல அதுவும் தெரியறதில்லீங்க."

பத்து நாளில் ஆள் மாறிவிட்டான். சாயங்காலம் வரும்போது தலைவலி. கால் பின்னும். புவனா அவன் வாயை மோந்து பார்த்தாள்.

"குடிச்சீங்களா?"

"மாரியாத்தா சத்தியமா இல்ல புள்ள."

"அப்பறம் ஏன் லாரி டயரு பஞ்சரான மாதிரி வர்றீங்க?"

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். தைலம் தேய்த்துவிட்டேன். மார்கழிக் குளிர், அதனால்தான் தலை கனக்கிறது என்று நினைத்து, சாயங்காலம் அவன் வருவதற்குள் அடுப்பிலிருந்து கனலை வாரி மண்சட்டியில் போட்டு, அவன் படுக்கும் அறையில் வைப்பேன். முப்பது வருஷமாக மார்கழி, தை இரண்டு மாதமும் அப்படித்தான் வைக்கிறேன்.

அந்த வியாழக்கிழமை காலையில் எதிர்வீட்டுக் கிழவர் இறந்துவிட்டார். மகள் பெங்களூரிலிருந்து வர வேண்டும், எடுப்பது மறுநாள்தான் என்றார்கள். லைனே அந்த வீட்டு வாசலில் இருந்தது. ஐயாக்கண்ணுவையும் இருக்கச் சொன்னேன். காளியண்ணன் ஆள் அனுப்பிவிட்டான், முதலாளி சனிக்கிழமை வருகிறார், மூன்று கதவு பாக்கி என்று. முடியாது என்று சொல்ல வராதே, போனான். நாலு மணிக்கு வந்தான். தலை வெடிக்கிறது என்று சொல்லி அறையில் போய்க் கதவைச் சாத்திப் படுத்தான். ஆறு மணி வாக்கில் புவனா உள்ளே போய்க் கத்தினாள். எழுப்ப எழுப்ப எழவில்லை. வாயோரம் நுரை.

காளியண்ணன்தான் ஜீப் எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். அவனைத் தூக்கும்போது மூலையில் இருந்த கனல் சட்டியைப் பார்த்தான். மலை இறங்கும்போது கேட்டான், "பெரியம்மா, கரிச்சட்டி வெச்சீங்களா?"

"தினமும் வெக்கறதுதான்."

"அய்யோ பெரியம்மா."

அவ்வளவுதான் சொன்னான். சேலம் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மூடின அறையில் கரி எரிந்தால் வருமே ஒரு விஷ வாயு, அது ரத்தத்தில் நிறைய இருக்கிறது என்றார்கள். "ஊட்ல கரி போட்டுக் குளிர் காய்வாங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் காளியண்ணன், "ஆமாங்க, இந்தப் பெரியம்மா தினமும் வெப்பாங்க" என்றான். என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். ஒருநாளும் வைக்காமல் இருந்ததில்லையே என்றுதான் அப்போது தோன்றியது.

புவனா என் பக்கத்திலிருந்து எழுந்து எதிர்ப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். நான் பெற்றவள். "கொன்னிருப்பியே அம்மா" என்றாள். அதற்குப்பின் என்னோடு பேசவில்லை. நானும் எனக்குப் பேசத் தகுதியில்லை என்றே இருந்தேன். என் கையால் வளர்த்ததை என் கையாலேயே முடிக்கப் பார்த்தேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கண்ணைத் திறந்தான். மூக்கில் ஆக்சிஜன். காளியண்ணன் வந்து அவன் காதோடு ஏதோ பேசிவிட்டு, என்னிடம் வந்து, "திங்கக்கிழம வேலைக்கு வந்துருவான் பெரியம்மா. ரெண்டு கதவுதான? நீங்க மட்டும் அந்தச் சட்டிய ஒடச்சுப் போட்டுருங்க" என்றான். சரி சாமி என்றேன். அவன் காலைத் தொட்டுக் கும்பிடாததுதான் குறை.

டாக்டரம்மா பெயர் சிவரஞ்சனி. சின்ன வயது. அவர் மத்தியானம் வந்து காகிதத்தைப் புரட்டிக்கொண்டே நின்றார். "ஆக்சிஜன் வெச்சா ரத்தத்துல அந்த விஷ வாயு இறங்குது. எடுத்துட்டுப் பாத்தா திரும்ப ஏறி இருக்குது. கரிப்புகைன்னா இப்படி ஏறக்கூடாதே" என்று நர்ஸிடம் சொன்னார். எனக்கு அது காதில் விழுந்தது, உறைக்கவில்லை.

பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்தாள் ஒரு அம்மாள். புவனாவிடம், "நேத்திக்கு வந்ததுல இருந்து நீ ஒண்ணும் திங்கலியே கண்ணு" என்றாள். புவனா சொன்னாள், "நேத்துக் காலைல இருந்தே இல்லீங்கக்கா. லைன்ல ஒரு சாவு. பொணத்த எடுக்கற வரைக்கும் ஆரு ஊட்லயும் அடுப்புப் பத்தவெக்கறதில்ல. கடைல பன்னு வாங்கித் தின்னோம்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுப்புப் பற்றவைக்கவில்லை. ஒரு பிணம் கிடக்கும்போது எங்கள் லைனில் ஒரு வீட்டிலும் புகை வராது. அடுப்பில்லாமல் கனல் எங்கிருந்து வரும்? சட்டியில் இருந்தது முந்தின நாள் சாம்பல்.

புவனா என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் அந்த நொடியில்தான் புரிந்தது. "அம்மா" என்றாள். நான் கட்டிலுக்கு ஓடினேன். அவன் விழித்துக்கொண்டுதான் இருந்தான்.

"கண்ணு, அன்னிக்கு நெருப்பே வெக்கலடா! எதிர் ஊட்ல சாவு, ஆரும் அடுப்பே மூட்டல! நானில்ல கண்ணு, நானில்ல!"

அவன் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியது.

"தெரியுமுங்கத்தை."

"என்ன தெரியும்?"

"சட்டி சில்லுன்னு இருந்துது. நான் படுக்கறப்பவே தெரியும்."

"அப்பறம் காலைல இருந்து ஏன்டா சொல்லல?"

"காளியண்ணன் சொல்ல வேண்டாம்னான். மருந்துன்னு வெளிய தெரிஞ்சா வேலைய நிறுத்திருவாங்களாம். நிரந்தர வேலையும் போயிருமாம். கரின்னு சொன்னா ஆருக்கும் ஒண்ணும் ஆகாது, பெரியம்மாவ ஆரு கேக்கப்போறாங்கன்னான்." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "உங்களுக்கு ஒரு ஊடு வேணுமேன்னுதானுங்கத்தை."

"என் தலைக்கு மேல கூரை வேணும்னு என் தலைலயே பழியப் போட்டியா?"

ஒன்பது வயதில் வாந்தியெடுத்த வாயை என் முந்தானையால் துடைத்தவள் நான். அந்த வாய்தான் காலையிலிருந்து மூடிக்கொண்டு, பெற்ற மகள் என்னைக் கொலைகாரியைப் போலப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"டாக்டரம்மாகிட்ட சொல்லீராதீங்கத்தை. ரெண்டு கதவுதான். முடிச்சுட்டு நிறுத்தீர்றன்."

"நீ இனி அந்த ரூமுக்குள்ள போன, என் பொணத்த மிதிச்சுட்டுத்தான் போகோணும்" என்று சொல்லிவிட்டு நேராக டாக்டரம்மாவிடம் போனேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டார். "என்ன மருந்து பாட்டி? பேரு என்ன?"

"தண்ணிக் கேன்ல வரும். பேரு ஆருக்குந் தெரியாது."

"பேரு தெரிஞ்சாத்தான் நான் எழுத முடியும். இல்லைன்னா கரிப்புகைன்னுதான் சீட்டுல நிக்கும்."

சனிக்கிழமை விடிந்ததும் முதல் பஸ்ஸில் மலை ஏறினேன். பங்களாவுக்குப் பின்னால் பழைய காபி குடோன். அங்கேதான் காளியண்ணன் கேன்களை நிரப்புவான் என்று லைனில் எல்லோருக்கும் தெரியும். உள்ளே நீல டிரம் ஒன்று, சுவரைப் பார்த்து நின்றது. முகத்தைத் திருப்பி நிற்கிற மனுஷன் மாதிரி. பாதிக்குமேல் காலி. இரண்டு கையாலும் உருட்டித் திருப்பினேன். அந்தப் பக்கம் ஒரு பெரிய காகிதம் ஒட்டியிருந்தது, சிவப்புக் கட்டம், அதற்குள் நெஞ்சு வெடிக்கிற மாதிரி ஒரு மனுஷப் படம். எனக்கு எழுத்துத் தெரியாது. அந்தப் படம் தெரிந்தது. அங்கே கிடந்த சுரண்டியை எடுத்துக் காகிதத்தை ஓரத்திலிருந்து பெயர்க்க ஆரம்பித்தேன்.

"பெரியம்மா, என்ன பண்றீங்க?"

காளியண்ணன் வாசலில் நின்றான்.

"கண்ணு தெரியலியா? சுரண்டறன்."

"வுடுங்க பெரியம்மா. அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?"

"இதச் செவுத்துப் பக்கம் திருப்பி வெச்சது ஆரு?"

"பசங்க படத்தப் பாத்தாப் பயந்துக்குவாங்கன்னு…"

"உனக்குப் பயமில்லியா? நீ ஏன் அந்த ரூமுக்குள்ள வர்றதில்ல? வாசல்லயே நின்னு சத்தம் போடுவியாமே."

காளியண்ணன் டிரம்மைப் பார்த்தான். பிறகு, "போன வருசம் இன்னொரு பங்களால எனக்கே மயக்கம் வந்துது பெரியம்மா. அதுல இருந்து நான் உள்ள போறதில்ல" என்றான். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்! செருப்பு கடித்தது என்று சொல்வது போல.

"உனக்கு ஆகாதுன்னு தெரிஞ்சு என் புள்ளைய உள்ள வெச்சுக் கதவச் சாத்துனியா?"

"கீழ கம்பெனில மிஷின் பார்ட்டு கழுவற மருந்து பெரியம்மா. சல்லிசாக் கெடச்சுது. அவன் தாங்குவான்னு நெனச்சேன்." கைகளைக் கூப்பினான். "பெரியம்மா, கரின்னே இருக்கட்டுமுங்க. வயசானவங்க தெரியாமப் பண்ணீட்டாங்கன்னு போயிரும். உங்கள ஆரு ஜெயில்லயா போடப் போறாங்க?"

அதுதான் என்னை அறுத்தது. யார்மேல் போட்டால் யாரும் கேட்கமாட்டார்களோ, அவளாகப் பார்த்து எடுத்திருக்கிறான். என் களியைத் தின்றதால் என்னை நன்றாகத் தெரியும் அவனுக்கு. அழுவேனே தவிர எதிர்க்கமாட்டேன் என்று கணக்குப் போட்டுவிட்டான். நான் குனிந்து மிச்சத்தையும் சுரண்டினேன். மூலையில் கொஞ்சம் கிழிந்தது, மற்றபடி முழுசாக வந்தது. மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

"வழி வுடு."

விட்டான். பெண்பிள்ளை ஜாக்கெட்டுக்குள் கை விடுவானா?

டாக்டரம்மா காகிதத்தை விரித்ததும் புருவம் தூக்கினார். "மெத்திலீன் குளோரைடு" என்று வாய்விட்டுப் படித்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார். ஐயாக்கண்ணு கட்டிலில், புவனா அவன் காலடியில்.

"பாட்டி, கரிப்புகைங்கறது வெளியே உண்டாகி மூச்சுல போறது. நல்ல காத்துக்கு வந்துட்டா இறங்க ஆரம்பிச்சுரும். இது வேற. இந்த மருந்தோட ஆவி மூச்சுல போயி ரத்தத்துல கலக்குது. உடம்புக் கொழுப்புல போயி ஒளிஞ்சுக்குது. உடம்புக்கு ஆகாதது எது வந்தாலும் உடைச்சு வெளியே தள்றது ஈரலோட வேலை. அது இதையும் உடைக்குது. உடைச்சா என்ன வருது தெரியுமா? கரி எரிஞ்சா வருமே, அதே விஷ வாயு."

"ஈரலுக்குள்ளயா? நெருப்பில்லாமயா?"

"நெருப்பே வேண்டாம். அவரு நாலு மணிக்கு ரூமை விட்டு வந்துட்டாரு. ஆனா கொழுப்புல இருக்கறது கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துக்கு வந்துட்டே இருக்கும், ஈரலும் விடாம உடைச்சுட்டே இருக்கும். அதான் வீட்டுக்கு வந்தப்பறமும் விஷம் ஏறுச்சு. நான் ஆக்சிஜனை எடுத்ததும் மறுபடி ஏறினதும் அதனாலதான். ரத்தத்துல நல்ல காத்து உக்கார வேண்டிய எடத்துல இது போயி உக்காந்துக்கும். அப்பறம் மூளைக்கும் நெஞ்சுக்கும் காத்து எப்படிப் போகும்?"

எத்தனையோ ஆட்டு ஈரல் என் கையால் அரிந்து வதக்கியிருக்கிறேன். உடம்பைச் சுத்தம் பண்ணும் என்று சொல்லி இவனுக்குத்தான் முதலில் வைப்பேன். அவன் ஈரல் நல்லதைச் செய்வதாக நினைத்துக்கொண்டு அவனுக்குள்ளேயே விஷம் காய்ச்சியிருக்கிறது. முதலில் அந்த ஈரல்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. சொந்த உடம்பே இப்படிச் செய்யுமா என்று. அப்புறம் யோசித்தேன், அதற்கு என்ன தெரியும்? அதற்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும்தான் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தெரிந்த இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

"மறுபடி அந்த ரூமுக்குப் போனா?" என்று புவனா கேட்டாள்.

"இந்தத் தடவை பிழைச்சது அதிர்ஷ்டம். நெஞ்சு ஏற்கெனவே அடி வாங்கியிருக்கு" என்றார்.

"அந்தச் சீட்டுல கரின்னு எழுதுனீங்களே, அத அடிங்க டாக்டரம்மா" என்றேன். "அன்னிக்கு எங்க ஊட்ல நெருப்பு மூட்டலன்னு எழுதுங்க. எழுதி, எம் மக படிக்கட்டும். சத்தமாப் படிக்கட்டும்."

எழுதினார். புவனா படித்தாள். பாதியில் நிறுத்தினாள். முழுசும் படி என்றேன். முழுசும் படித்தாள். ஐயாக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

ஆஸ்பத்திரியிலிருந்து மேலிடத்துக்கு எழுதிப் போட்டார்கள். அதிகாரிகள் வந்து டிரம்மை எடுத்துப் போனார்கள். பங்களா வேலை நின்றது. காளியண்ணனை அதன்பிறகு லைனில் காணோம். நிரந்தர வேலையும் இல்லை. வீட்டை அறுவடை முடியும் வரை வைத்துக்கொள்ளுங்கள் என்று ரைட்டர் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு எங்கே என்று எனக்குத் தெரியாது.

புவனா என்னோடு பேசுகிறாள், முன்னைவிட அதிகமாகவே. நான் அவளை மன்னித்துவிட்டேன், அவள் தெரியாமல் செய்தவள். ஐயாக்கண்ணுக்குச் சோறு போடுகிறேன், துணி துவைக்கிறேன், மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுக்கிறேன். மன்னித்தேனா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது அவனுக்குப் பக்கத்து ஊர் மாரமங்கலத்தில் ஒரு புது வீட்டுக்கு வெளிச்சுவரில் சுண்ணாம்பு அடிக்கிற வேலை. காற்றோட்டமான வேலை. பஸ் ஏறி இறங்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஊட்டி, கொடைக்கானல் என்று எங்கெங்கோ பங்களா வேலைக்கு ஆள் கேட்டு அவன் போனுக்கு அழைப்பு வருகிறது. அவனுக்குத்தான் முடியாது என்று சொல்ல வராதே. அதனால் தினமும் காலையில் அவனோடு பஸ் நிறுத்தம் வரை நடக்கிறேன்.

"நீங்க எதுக்குங்கத்தை வர்றீங்க? குளிருதில்லைங்க?"

"குளிரட்டும்."

"எம்மேல நம்பிக்கை இல்லீங்களா?"

"இல்லை" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பஸ் வந்தது. எனக்குப் பலகையைப் படிக்கத் தெரியாது. கண்டக்டரைக் கூப்பிட்டு, "இது மாரமங்கலந்தான?" என்று கேட்டுக்கொண்டு, அவன் ஏறி உட்கார்ந்து, பஸ் திருப்பம் தாண்டி மறைகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன்.